ஒரே சிவப்புக் குறி, ஆளுக்கொரு காரணம்: பனியன் ஆபீஸ் நெட்வொர்க்கில் ஆன்ட்டிவைரஸைச் சரிசெய்தது

திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி. மாடியில் ஆபீஸ், கீழே செக்கிங், அயர்னிங், பேக்கிங். மொத்தம் 11 கம்ப்யூட்டர். அக்கவுண்ட்ஸில் மூன்று, அதில் ஒன்றுதான் சர்வர், கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டாவும் ஆன்ட்டிவைரஸ் கன்சோலும் அதில்தான் இருக்கின்றன. பையர் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கு மூன்று, ஸ்டோரில் ஒன்று, பேக்கிங்கில் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்க ஒன்று, வருகைப்பதிவுக்கும் சம்பளத்துக்கும் ஒன்று, முதலாளியின் லேப்டாப், அப்புறம் எம்பிராய்டரி பஞ்சிங்குக்கு, அதாவது டிசைனை எம்பிராய்டரி மெஷினுக்கான ஃபைலாக மாற்ற, விண்டோஸ் 7 போட்ட ஒரு பழைய மெஷின்.

காசு கொடுத்து 11 லைசன்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள். எந்த கம்பெனி ஆன்ட்டிவைரஸ் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு மெஷினில் கன்சோல், அதனோடு பேசிக்கொண்டே காவல் காக்க மற்ற மெஷின்களில் ஏஜென்ட் என்று ஓடும் எல்லாவற்றுக்கும் அமைப்பு ஏறக்குறைய இதேதான்.

புகார் மூன்று. டேலி மெதுவாக இருக்கிறது. பெரும்பாலான மெஷினில் ஆன்ட்டிவைரஸ் சிவப்புக் குறி காட்டுகிறது. கன்சோலில் 11 தெரிய வேண்டிய இடத்தில் 7 மெஷின்தான் தெரிகிறது. அக்கவுண்ட்ஸ் அக்கா நேராகவே சொல்லிவிட்டார்: "தம்பி, பேசாம இந்த ஆன்ட்டிவைரஸ எடுத்துப் போட்டுருங்க. டேலி தொறக்கறதுக்குள்ள டீயே ஆறிப் போவுதுங்க." 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைப் போட்டாக வேண்டும். அவருடைய அவசரம் நியாயமானது.

இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக நடப்பது, எல்லா மெஷினிலும் அன்இன்ஸ்டால் பண்ணிவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவது. இங்கேயும் முன்பு அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். குறி ஒரே சிவப்பாக இருப்பதால் கோளாறும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். இந்த ஆபீஸில் கிட்டத்தட்ட மெஷினுக்கு ஒரு காரணம் இருந்தது. அதில் ஆன்ட்டிவைரஸின் மேல் பழி போடத்தக்கது மிகக் கொஞ்சம்.

அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். மெஷின் பெயர், விண்டோஸ் எது, ஐபி முகவரி, ஆன்ட்டிவைரஸ் வெர்ஷன், டெஃபனிஷன் (வைரஸ்களை அடையாளம் காணும் பட்டியல்) தேதி, மெஷினில் ஓடும் தேதியும் மணியும், ரேம் எவ்வளவு, சி டிரைவில் இடம் எவ்வளவு. ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து பார்த்து எழுத நேரம் பிடிக்கும். ஆனால் இந்த வேலையில் பாதி கண்டுபிடிப்பு இந்தத் தாளில்தான் நடந்தது.

எழுதி முடித்ததும் முதலில் கண்ணில் பட்டது டெஃபனிஷன் தேதி. ஏழு மெஷினில் அச்சடித்த மாதிரி ஒரே பழைய தேதி. தனித்தனியாகக் கெட்டிருந்தால் தனித்தனித் தேதியாக இருக்கும். எல்லாம் ஒரே நாளில் நின்றிருக்கிறது என்றால், அன்றைக்கு இந்த ஆபீஸில் என்னவோ நடந்திருக்கிறது. கேட்டேன். ஸ்டோர் தம்பிக்கு நினைவிருந்தது: "அன்னைக்குத்தானுங்ணா நெட்டுக்காரங்க வந்து புது ரூட்டர் வெச்சுட்டுப் போனாங்க. ரெண்டு மணி நேரம் டேலி வரவே இல்லீங்க."

அதற்கப்புறம் காரணத்தைப் பிடிப்பது சுலபமாகிவிட்டது. பழைய ரூட்டரில் சர்வருக்கு 192.168.1.10 என்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். புது ரூட்டர் 192.168.0 வரிசையில் முகவரி கொடுக்கிறது. பழைய ஒதுக்கீடு பழைய ரூட்டரோடு போய்விட்டது. டேலி போல்டரைக் கம்ப்யூட்டர் பெயரை வைத்து இணைத்திருந்ததால் அது எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஆன்ட்டிவைரஸ் ஏஜென்டுகளோ பழைய ஐபி எண்ணையே பிடித்துக்கொண்டு, இல்லாத ஒரு முகவரியை மாதக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. 'சர்வர் கிடைக்காவிட்டால் நேராக இன்டர்நெட்டில் அப்டேட் எடுத்துக்கொள்' என்ற வசதியும் அணைந்திருந்தது. நெட் மிச்சம் ஆகட்டும் என்று யாரோ எப்போதோ அணைத்திருக்கிறார்கள். சர்வர் மட்டும் தானே இன்டர்நெட்டில் அப்டேட் எடுத்துக்கொண்டு பச்சையாக நின்றது. அக்கவுண்ட்ஸ் மேஜையில் உட்கார்ந்து கன்சோல் இருக்கும் மெஷினை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

முகவரியைத் திருத்தினால் போதும் என்று நினைத்தால், அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. ரூட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு, சர்வரில் 'பப்ளிக்' என்று வைத்துவிட்டது. பப்ளிக் என்றால் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும் வைஃபையை நடத்துவதுபோல நடத்தும். வெளியிலிருந்து வரும் எதையும் ஃபயர்வால் உள்ளே விடாது. அன்றைக்கு டேலி இரண்டு மணி நேரம் நின்றது அதனால்தான். பிறகு யாரோ போல்டர் ஷேரிங்கைத் திறக்கப் போயிருக்கிறார்கள். 'எல்லா பப்ளிக் நெட்வொர்க்கிலும் ஷேரிங்கைத் திறக்கவா?' என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. ஆம் என்று அழுத்தியிருக்கிறார்கள். டேலி வந்துவிட்டது, எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஏஜென்டுகள் கன்சோலோடு பேசும் வாசலான போர்ட் மட்டும் அடைபட்டபடியே கிடந்தது.

செய்தது இவ்வளவுதான். சர்வரின் நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்கினேன். பப்ளிக்கில் திறந்திருந்த ஷேரிங்கை மூடினேன். புது ரூட்டரில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்ணுக்கு) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கினேன். ஏஜென்டுகளில் ஐபி எண்ணுக்குப் பதிலாகச் சர்வரின் பெயரைக் கொடுத்தேன். அடுத்த முறை ரூட்டர் மாறினாலும் பெயர் மாறாது. சர்வர் இல்லாதபோது இன்டர்நெட்டில் அப்டேட் எடுக்கும் வசதியையும் திறந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் ஏழு மெஷினும் புது டெஃபனிஷனுக்கு வந்துவிட்டன.

ஆனால் கன்சோலில் எண்ணிக்கை இன்னும் 7தான். முதலாளியின் லேப்டாப்பில் ஏஜென்டே இல்லை, பஞ்சிங் மெஷின் நெட்வொர்க்கிலேயே இல்லை. அந்த இரண்டையும் கழித்தாலும் 9 வர வேண்டும். கன்சோலைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரியில் முதல் மெர்ச்சண்டைசரின் மெஷின் பெயர் இருந்தது. ரிஃப்ரெஷ் அடித்தால் அதே வரியில் மூன்றாவது மெஷினின் பெயர். இன்னொரு ரிஃப்ரெஷில் இரண்டாவது. மூன்று மெஷினும் ஒரே நாற்காலிக்கு முறை போட்டுக்கொண்டிருந்தன.

அந்த மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்கியிருக்கிறார்கள். ஒன்றில் விண்டோஸ், ஆபீஸ், பிரிண்டர், ஆன்ட்டிவைரஸ் எல்லாம் போட்டு முடித்து, அந்த டிஸ்க்கை அப்படியே மற்ற இரண்டுக்கும் குளோன் எடுத்திருக்கிறார்கள். ஏஜென்ட் இன்ஸ்டால் ஆகும்போது தனக்கென்று ஓர் அடையாள எண்ணை உண்டாக்கிக்கொள்ளும். கன்சோல் மெஷினை அடையாளம் கண்டுகொள்வது அந்த எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. குளோன் எடுத்ததில் மூன்றுக்கும் ஒரே எண். ஒன்றில் வைரஸ் பிடிபட்டால் எந்த மேஜையில் என்று கன்சோலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இரண்டு மெஷினில் அந்த ஆன்ட்டிவைரஸ் கம்பெனியே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, புதிதாக இன்ஸ்டால் செய்தேன். இந்த இடத்தில் மட்டும் ரீஇன்ஸ்டால்தான் சரியான மருந்து. கண்ட்ரோல் பேனலில் போய் நீக்கினால் சில சமயம் ரிஜிஸ்ட்ரியில் பழைய எண் தங்கிவிடும் என்பதால் நீக்கும் கருவி. கன்சோலில் 9 ஆனது.

சம்பள மெஷின் மட்டும் இன்னும் சிவப்பு. அதற்குக் காரணம் என் தாளிலேயே இருந்தது: மெஷின் தேதி 2019. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அந்த மேஜையின் யுபிஎஸ் முன்பே படுத்துவிட்டதால், கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பின்னால் போய் நின்றுவிடும். தேதி தப்பாக இருந்தால் அப்டேட் சர்வரின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை' என்று ஆகிவிடும், இணைப்பே நடக்காது. இன்டர்நெட்டோடு நேரத்தைச் சரிபார்க்கும் வசதி விண்டோஸில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் டொமைனில் சேராத மெஷினில், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் அது தானாகத் திருத்தாமல் விட்டுவிடும். நாணயம் அளவு பேட்டரி ஒன்றை மாற்றியதும் எல்லாம் சரி. வருகைப்பதிவில் அவ்வப்போது தேதி குழம்பியதற்கும் அதுதான் காரணம் என்று அங்கே இருந்த பெண் அப்போதுதான் புரிந்துகொண்டார். சனிக்கிழமை சம்பளம் போடும் ஊரில் அது சின்ன விஷயம் அல்ல.

ஸ்டோர் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்ம ஊருக்கே உரிய கோளாறு. "ஸ்கேன் ஓடுச்சுன்னா மவுஸே நகராதுங்ணா" என்று அந்தத் தம்பி சொன்னார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்கேனை ஓடவிட்டேன். சிபியு 100 சதவீதம், அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே வேகம் என்ற இடத்தைப் பார்த்தேன். 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டிய பிராசஸர் 1-க்கும் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. சூடு தாங்காமல் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேபினெட்டைத் திறந்தால் முன்பக்கத்துக் காற்றுத் துளைகள் அத்தனையும் பஞ்சு. சிபியு மேலிருக்கும் ஃபேனை நான்கு முனையிலும் விடுவித்துத் தூக்கினால், அதற்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் ஃபேனின் வட்ட அளவுக்கே ஒரு பஞ்சுத் தகடு. ஓரத்தில் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக உரிந்து வந்தது. வெள்ளை, கருநீலம், சிவப்பு என்று வரிவரியாக நிறம். எந்தெந்த ஆர்டர் ஓடியதோ அந்தந்தத் துணியின் தூசு. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்றுக்குத்தான் போக வழியில்லை.

பிளோயர் அடிப்பதற்கு முன் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் போய்விடும். வெளியே கொண்டுபோய் அடிப்பது நல்லது. ரூமுக்குள் அடித்தால் அந்தப் பஞ்சு பக்கத்து மெஷினுக்குத்தான் போகும். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். மறுபடி ஸ்கேன் ஓட்டினால் வேகம் கீழே இறங்கவே இல்லை. இந்த மெஷினுக்காக ஆன்ட்டிவைரஸில் ஒரு செட்டிங்கைக்கூட மாற்றவில்லை. மேஜைக்கு அடியில் தரையில் இருந்த கேபினெட்டை மேலே தூக்கி வைக்கச் சொன்னேன். கீழ்த்தளத்தில் இருக்கும் பேக்கிங் மெஷினையும் திறந்து சுத்தம் செய்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் திருப்பூரில் எந்த மெஷினும் தாங்காது.

அடுத்தது டேலி. அக்கா கேட்டது முதலில் இதைத்தான், ஆனால் மற்றதையெல்லாம் சரிசெய்யாமல் இதைத் தொட முடியாது. டேலியின் டேட்டா, போல்டருக்குள் ஏராளமான சின்னச் சின்ன ஃபைல்களாக இருக்கிறது. ஒரு வவுச்சரைத் திறந்தால் அவற்றில் பலவற்றை அது தொடும். அக்காவின் மெஷினில் உள்ள ஏஜென்ட், நெட்வொர்க் வழியாக வரும் ஃபைலையும் ஸ்கேன் செய்கிறது. அதே ஃபைலைச் சர்வரில் உள்ள ஏஜென்டும் ஸ்கேன் செய்கிறது. ஒரே பனியனை இரண்டு மேஜையில் செக்கிங் செய்கிற மாதிரி வேலை. போதாததற்கு எல்லா மெஷினிலும் முழு ஸ்கேன் காலை 10:30-க்கு என்று வைத்திருந்தார்கள். ஆபீஸ் சூடுபிடிக்கும் நேரமே அதுதான்.

கிளையன்ட் மெஷின்களில் நெட்வொர்க் டிரைவை ஸ்கேன் செய்வதை நிறுத்தினேன். சர்வர் தன் டிஸ்க்கைத் தானே பார்த்துக்கொள்ளும். முழு ஸ்கேனை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி, வாரம் ஒருமுறை, ஒரு நாளைக்கு இரண்டு மெஷின் என்று பிரித்துவிட்டேன். அப்புறம் டேலியின் டேட்டா போல்டரை மட்டும், ஃபைலைத் திறக்கும்போதே நடக்கும் ரியல்டைம் ஸ்கேனில் விலக்கி வைக்கலாம் என்று சர்வரின் விலக்குப் பட்டியலைத் திறந்தேன். திறந்ததும் கை நின்றுவிட்டது. பட்டியலில் ஒரே ஒரு வரி: டி டிரைவ். முழுசாக.

டேலி மெதுவாக இருக்கிறது என்று யாரோ செய்த வைத்தியம். ஆனால் அந்த டி டிரைவில் இருப்பது டேலி மட்டுமா? பையர் அனுப்பும் ஆர்டர் ஷீட், டிசைன், பேக்கிங் லிஸ்ட், தொழிலாளர்களின் ஆதார் நகல், 'காமன்' என்று எல்லோரும் எழுதவும் அழிக்கவும் உரிமையுள்ள ஒரு போல்டர். ஆபீஸில் எந்த மெஷினில் எது வந்தாலும் கடைசியில் வந்து விழுவது அந்தக் காமனில்தான். அங்கே காவலே இல்லை. சர்வர் பச்சைக் குறி காட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியின் இத்தனை வருட உழைப்பும் அந்த ஒரு டிரைவில் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. விலக்கு என்பது ஒரு போல்டருக்குக் கொடுக்கலாம், ஒரு புரோகிராமுக்குக் கொடுக்கலாம். டிரைவுக்குக் கொடுக்கவே கூடாது.

அந்த வரியை எடுத்துவிட்டு, டேலி டேட்டா போல்டரை மட்டும் சேர்த்து, டி டிரைவை ஸ்கேன் செய்தேன். வந்தது கொஞ்சமல்ல. ஒரு டிசைன் மென்பொருளைக் காசில்லாமல் திறக்கும் கிராக் ஃபைல் ஒன்று. காமனுக்குள் ஏகப்பட்ட ஷார்ட்கட் வைரஸ். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கிய பல சின்ன ஆபீஸ்களின் கதை இந்த மாதிரி கிராக் ஃபைலில்தான் தொடங்குகிறது. அதைப் போட்டவரிடம் தனியாகப் பேசி, அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன்.

இதே சர்வரில் எஸ்எம்பி 1 என்ற பழைய ஷேரிங் முறையும் திறந்திருந்தது. பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று ஸ்கேன் செய்து போல்டரில் போடுவதற்காகத் திறந்தது. 2017 மே 12 அன்று வானாகிரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது இந்த வாசல் வழியாகத்தான். அதை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தும், போடாதவர்கள் மாட்டினார்கள். மூடிவிட்டேன். ஜெராக்ஸ் மெஷின் இனி ஸ்கேனை மெயிலில் அனுப்பும்.

ஷார்ட்கட் வைரஸ் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேட வேண்டியதே இல்லை. பஞ்சிங் மெஷின். அது நெட்வொர்க்கில் இல்லை என்பதால் பாதுகாப்பாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் அங்கே டிசைன் பஞ்சிங் ஆனதும் டிஎஸ்டி என்ற எம்பிராய்டரி ஃபைல் பென்டிரைவில் ஏறி, ஜாப்ஒர்க் எம்பிராய்டரி யூனிட்டுக்குப் போகிறது. அங்கே வேறு பத்து கம்பெனி பென்டிரைவும் வரும். அதே பென்டிரைவ் திரும்பி வந்து மெர்ச்சண்டைசர் மெஷினில் சொருகப்படுகிறது, அங்கிருந்து காமனுக்கு. எம்பிராய்டரி, பிரிண்டிங், லேபிள் என்று ஒவ்வொரு வேலையும் வெளியே போய் வரும் தொழில் இது. பென்டிரைவை ஒழித்துவிடுங்கள் என்று சொல்வது நடக்காத காரியம்.

அந்தப் பென்டிரைவைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு ஷார்ட்கட், பென்டிரைவின் பெயரிலேயே. டிசைன் எதுவும் காணோம். பதறி ஃபார்மட் பண்ணிவிடக் கூடாது. ஃபைலெல்லாம் பெயரே இல்லாத ஒரு மறைந்த போல்டருக்குள் பத்திரமாக இருக்கும். அந்த ஷார்ட்கட்டை அழுத்தினால் போல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பென்டிரைவை மட்டும் சுத்தம் செய்தால் ஒரு நிமிடத்தில் ஷார்ட்கட் திரும்ப வந்துவிடும், ஏனென்றால் அதை எழுதிக்கொண்டிருப்பது மெஷின். முதலில் டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் என்ற பெயரில் ஓடுவதை நிறுத்தி, ஸ்டார்ட்அப்பில் அது எந்த ஃபைலைக் கூப்பிடுகிறது என்று பார்த்து, ஆப்டேட்டா போல்டரில் ஒளிந்திருக்கும் அந்த ஃபைலை அழிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பென்டிரைவில் மறைந்த ஃபைல்களை அட்ரிப் கட்டளையால் வெளியே கொண்டுவந்து, ஷார்ட்கட்டை அழிப்பது. டிசைன் எல்லாம் கிடைத்துவிட்டது.

பஞ்சிங் மென்பொருளும் அதன் லைசன்ஸ் சாவியான டாங்கிளும் விண்டோஸ் 7-இல்தான் ஓடும் என்பதால் அந்த மெஷினை மாற்ற முடியவில்லை. 2020 ஜனவரி 14-ஓடு விண்டோஸ் 7-க்கு அப்டேட் நின்றுவிட்டது. அது நெட்வொர்க்குக்கு வெளியிலேயே இருக்கட்டும். பென்டிரைவுக்கு மட்டும் ஒரு ஒழுங்கு வைத்தோம். வெளியே போக சிவப்பு நாடா கட்டிய இரண்டு பென்டிரைவ். அவை திரும்பி வந்தால் ஃபார்மட் ஆகாமல் எந்த மெஷினிலும் ஏறக் கூடாது. பஞ்சிங்கிலிருந்து ஆபீஸுக்குள் வர வேறொரு பென்டிரைவ். அது ஒரே ஒரு மெர்ச்சண்டைசர் மெஷினில் மட்டும் சொருகப்படும். மற்ற எட்டு மெஷினிலும் கன்சோல் வழியாகப் பென்டிரைவைப் பூட்டிவிட்டேன். கீபோர்டு, பிரிண்டர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் மூன்றும் யுஎஸ்பிதான் என்பதால், பூட்டும்போது 'ஸ்டோரேஜ்' வகையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலாளியின் லேப்டாப்பில் கடையிலேயே போட்டுக் கொடுத்த வேறொரு ஆன்ட்டிவைரஸின் ட்ரையல் காலாவதியாகிக் கிடந்தது. அது தன்னைக் காவல்காரன் என்று விண்டோஸிடம் செய்த பதிவு இந்த மெஷினில் நீங்காமல் இருந்ததால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸ் ஒதுங்கி நின்றது. காலாவதியானதால் அதுவும் காக்கவில்லை. அதன் நீக்கும் கருவியை சேஃப் மோடில் ஓட்டி எடுத்த பிறகுதான் நம் ஏஜென்ட் உள்ளே போனது. கன்சோலில் 10.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது அக்கா கூப்பிட்டார். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து போகவில்லை. எம்சைனர் என்ற அந்தச் சின்ன மென்பொருள், அதே மெஷினுக்குள்ளேயே 127.0.0.1 என்ற முகவரியில் 1585 என்ற போர்ட்டில் பிரவுசரோடு பேசும். பிரவுசரின் பூட்டிய இணைப்பையும் திறந்து பார்க்கும் ஆன்ட்டிவைரஸின் எச்டிடிபிஎஸ் ஸ்கேன் நடுவில் புகுந்து தன் சான்றிதழை நீட்டியதால் பிரவுசர் மறுத்துவிட்டது. எச்டிடிபிஎஸ் ஸ்கேனையே அணைத்துவிடுங்கள் என்பார்கள். வேண்டாம், எம்சைனரை மட்டும் அதில் விலக்கினால் போதும். கையெழுத்து போனது, 3பி நேரத்துக்குள் ஏறியது.

கடைசியில் சோதனை. பச்சைக் குறியை மட்டும் நம்பி நான் கிளம்புவதில்லை. ஐகார் என்ற 68 எழுத்து வரி ஒன்று இருக்கிறது. அது வைரஸ் அல்ல, எந்தக் கெடுதலும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்ட்டிவைரஸும் அதை வைரஸ் போலப் பிடிக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட சோதனை ஃபைல். ஒவ்வொரு மெஷினிலும் அதை நோட்பேடில் ஒட்டிச் சேமித்துப் பார்த்தேன். சேமித்த கையோடு மறைய வேண்டும், கன்சோலில் அந்த மெஷின் பெயரோடு எச்சரிக்கை வர வேண்டும். காமன் போல்டரிலும் வைத்துப் பார்த்தேன், பிடித்தது.

பேக்கிங் மெஷினில் மட்டும் ஃபைல் அப்படியே உட்கார்ந்திருந்தது. குறி பச்சை, டெஃபனிஷன் புதுசு, ஆனால் பிடிக்கவில்லை. ஏஜென்டின் புது வெர்ஷன் இறங்கி, ரீஸ்டார்ட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. "டெய்லி சாயங்காலம் ஷட்டவுன் பண்ணிட்டுத்தானுங்க போறேன்" என்றார் அங்கே இருந்தவர். அவர் சொன்னது உண்மை. டாஸ்க் மேனேஜரில் அப்டைம் பார்த்தால் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, அதுவும் உண்மை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் அடிப்படை டிரைவர்கள் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, காலையில் அப்படியே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாகப் புதிதாகத் தொடங்கும். ஒரு ரீஸ்டார்ட், ஐகார் பிடிபட்டது. எல்லா மெஷினிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டேன். எஸ்எஸ்டி இருக்கும் மெஷினில் அதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

பேக்கப் ஹார்ட் டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே சொருகிக் கிடந்தது. ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். இன்னொரு டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்று மாற்றி, கழற்றியதை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.

பாக்கி இருப்பது ஸ்டோர் மெஷினும் சம்பள மெஷினும். இரண்டும் விண்டோஸ் 10; அதற்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும், இவை இரண்டும் அதற்கு முந்தையவை. ஆன்ட்டிவைரஸ் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விண்டோஸின் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது என்று முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். "போனஸ் முடியட்டுங்க, ரெண்டையும் மாத்திப்புடலாம்" என்றார். புது மெஷின் வந்தால் குளோன் எடுக்காமல் தனித்தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். ஸ்டோர் மெஷினுக்குக் கேபினெட் வேண்டாம், மானிட்டருக்குப் பின்னால் மாட்டும் சின்ன மெஷின் போதும் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறேன். தரையை விட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குப் பஞ்சு குறையும்.